அப்கிரேடா, ஃபுல்-அப்கிரேடா?

டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளங்கள் ஓடும் கணினிகளைப் புதுப்பிக்கப் பொதுவாக மூன்று கட்டளைகளில் ஒன்றைத்தான் ஓட்டுகிறோம்: ஆப்ட்-கெட் அப்கிரேட், ஆப்ட் அப்கிரேட், ஆப்ட் ஃபுல்-அப்கிரேட். இருக்கிற பேக்கேஜை, அதாவது மென்பொருள் தொகுப்பை, தூக்கலாமா, இல்லாத ஒன்றைச் சேர்க்கலாமா என்ற இரண்டு கேள்விகளில்தான் இவை பிரிகின்றன.

ஆப்ட்-கெட் அப்கிரேட் எதையும் நீக்காது, புதிதாக எதையும் சேர்க்கவும் செய்யாது. அதனாலேயே சர்வருக்கு இதுதான் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் புதிய பதிப்பு பெரும்பாலும் வேறு பெயருள்ள தனி பேக்கேஜாகவே வரும். புதிதாக எதுவும் சேர்க்கக் கூடாது என்றால் அது 'கெப்ட் பேக்' (நிறுத்திவைக்கப்பட்டவை) பட்டியலிலேயே நின்றுவிடும். பாதுகாப்புத் திருத்தம் வெளிவந்த பிறகும் சர்வர் பழைய கர்னலில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆப்ட் அப்கிரேட் தேவையான புதிய பேக்கேஜைச் சேர்க்கும்; எதையும் நீக்காது. அன்றாடத்துக்கு இது போதும். 'கெப்ட் பேக்' என்று வந்தவுடன் ஃபுல்-அப்கிரேடுக்குத் தாவ வேண்டாம். உபுண்டு சில புதுப்பிப்புகளைப் படிப்படியாகத்தான் எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. சில நாள் பொறுத்தால் அவை தானாக வந்துவிடும்.

ஃபுல்-அப்கிரேட் தேவைப்பட்டால் நீக்கவும் செய்யும். அதற்காக அதை ஒதுக்கிவிட முடியாது. 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும் என்பதால், டெபியன் 2024-இல் ஏராளமான லைப்ரரிகளை (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்புகளை) 64 பிட் நேரக் கணக்குக்கு மாற்றி, அவற்றின் பெயரையும் மாற்றியது. லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. பழையது போனால்தான் புதியது வரும். அங்கே வெறும் அப்கிரேட் நகராது. அதே நேரத்தில், டெபியனின் வளர்ச்சிக் கிளையான அன்ஸ்டேபிளில் பாதி பேக்கேஜ்கள் மாறி பாதி மாறாமல் இருக்கும்போது ஃபுல்-அப்கிரேட் கொடுத்தால், தினமும் பயன்படுத்தும் மென்பொருளையே நீக்கட்டுமா என்று கேட்கும். அப்போது 'வேண்டாம்' சொல்லிக் காத்திருப்பதுதான் சரி. அந்தக் கேள்வியைப் படிக்காமல் தாண்டவைக்கும் '-ஒய்' தேர்வை இந்தக் கட்டளையோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். முதலில் '-எஸ்' போட்டு ஒத்திகை பாருங்கள்; கணினியில் எதுவும் மாறாது, எது வரும் எது போகும் என்ற பட்டியல் மட்டும் கிடைக்கும்.

டெபியன் 12-இலிருந்து 13-க்குப் போகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும். முதலில் புதிய பேக்கேஜ் வேண்டாம் என்ற தேர்வோடு ஆப்ட் அப்கிரேட், அப்புறம் ஃபுல்-அப்கிரேட். இந்த வரிசையில் போனால், ஒரே மூச்சில் பெரிய நீக்கப் பட்டியலை ஆப்ட் முன்வைக்கும் வாய்ப்பு குறைகிறது.

கடைசியில், இனி தேவையில்லை என்று ஆப்ட் கருதும் பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் ஓட்டும்போதும் பட்டியலைப் படியுங்கள். உங்களுக்கு வேண்டிய பெயர் அதில் இருந்தால், ஆப்ட்-மார்க் மேனுவல் கொடுத்து அதைத் தக்கவைத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.