சூடு காக்கும் சமையல் பை: மின்வெட்டுக் காலம் முடிந்த பிறகும்

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாங்கிய பை இது. துணி உறைக்குள் பாலிஸ்டைரீன் மணிகள். மேலே மூட அதே மணிகள் அடைத்த மெத்தை. வேறொன்றும் இல்லை. கொதித்த பானையை அடுப்பிலிருந்து இறக்கி இதற்குள் மூடிவைத்தால், இருக்கும் சூட்டிலேயே உணவு வெந்துவிடும். மின்வெட்டு பெருமளவு ஓய்ந்துவிட்டது. பையை மட்டும் நான் எடுத்துவைக்கவே இல்லை.

காரணம் எளிது. குழம்பு ஒருமுறை கொதித்துவிட்டால், அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் கடல்மட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அது 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதற்குமேல் கொடுக்கும் வெப்பம் நீரை ஆவியாக்கத்தான் போகிறது. மூன்று லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.26 யூனிட் மின்சாரம் போதும்; அதில் ஒரு லிட்டரை ஆவியாக்க மட்டும் 0.63 யூனிட் வேண்டும்! பருப்பு வேக வேண்டியவை நல்ல சூடும் நேரமும்தான். ஆவிக்குக் காசு கொடுப்பானேன்?

பைக்குள் ஆவி வெளியேற வழியில்லை. மணிகளில் அடைபட்ட காற்று நகர முடியாததால் சூட்டைச் சுமந்து செல்வதில்லை. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதோ மிகக் குறைவு, நீர் கடத்துவதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. நிறைந்த பானை நான்கு மணி நேரம் கழித்தும் 80 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அரைப்பானை அப்படியல்ல. வெப்பத்தை இழக்கும் பரப்பு பெரிதாகக் குறையாமல், சேமித்த வெப்பம் மட்டும் பாதியாகிவிடுவதால் விரைவில் ஆறிவிடும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமிகள் பெருகும். அப்போது மறுபடி கொதிக்கவைத்தே பரிமாற வேண்டும். சமையலறை வெப்பமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

புரட்டாசி விரதத்தில் எங்கள் வீட்டில் சுகர் பீன்ஸ் (சிவப்புப் புள்ளிகள் கொண்ட காய்ந்த பீன்ஸ்) கறி அடிக்கடி உண்டு. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகே பைக்குள் வைக்கிறேன். அந்த அவரையினத்தில் பச்சையாக இருக்கும் நச்சுப்புரதம் 80 டிகிரிச் சூட்டில் முழுதாக அழியாது. இதில் சமரசம் வேண்டாம்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அக்காவும் இதே பைதான் வைத்திருக்கிறார். அங்கே சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் நீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தொடக்கச் சூடே குறைவு என்பதால் பீன்ஸ் வேக எங்களைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது.

வெங்காயம் சிவக்க, மசாலா வதங்க இது உதவாது, அதெல்லாம் அடுப்பில்தான். குழம்பும் சுண்டாது, ஆகவே தண்ணீரைக் குறைத்தே ஊற்றுங்கள். பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டி இளகும் பொருள். அடுப்பிலிருந்து இறக்கிய பானைக்கு அடியில் தடித்த துண்டு ஒன்றை மடித்துப் போடாவிட்டால் அடிப்பக்க மணிகள் நசுங்கிப்போகும்.