டிட்பின்பில்லா: ஓரமாக நிற்கும் பழைய ஆன்டெனாவுக்காகவே போகலாம்

கான்பெராவிலிருந்து தென்மேற்கே முக்கால் மணி நேரம் கார் ஓட்டினால் டிட்பின்பில்லா பள்ளத்தாக்கு வரும். நாசாவுக்காக ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ நடத்தும், தொலைதூர விண்கலங்களோடு பேசும் ஆழ்விண்வெளித் தொடர்பு நிலையம் அங்கேதான் இருக்கிறது. வருகையாளர் மையத்துக்குக் கட்டணம் இல்லை. நான் படித்த ஒரு பயணக் குறிப்பு அரை மணி நேரம் போதும் என்றது; எனக்கு மூன்று மணி நேரமே பத்தவில்லை.

எல்லாரும் முதலில் ஓடுவது 70 மீட்டர் ஆன்டெனாவைப் பார்க்கத்தான். 1973இல் 64 மீட்டராகக் கட்டியதை, வாயேஜர் 2 நெப்டியூனை நெருங்குவதற்கு முன் 1987இல் பெரிதாக்கினார்கள். அந்த விண்கலம் தெற்குப் பக்கமாகவே போய்க்கொண்டிருப்பதால் ஸ்பெயினிலும் கலிஃபோர்னியாவிலும் உள்ள நாசாவின் மற்ற இரண்டு நிலையங்களிலிருந்து எட்டாது, அதற்குக் கட்டளை அனுப்ப இந்த ஒரு ஆன்டெனாதான் கதி. 2023இல் தவறான கட்டளை ஒன்று போய் அது பூமியிடமிருந்து 2 டிகிரி முகம் திருப்பிக்கொண்டபோது, இங்கிருந்துதான் முழு வலுவில் கத்திக் கூப்பிட்டார்கள். கேட்டதா இல்லையா என்று தெரிய 37 மணி நேரம் ஆனது!

சரி, நான் சொல்ல வந்தது வேறு. ஓய்வு பெற்று அசையாமல் நிற்கிறதே ஒரு 26 மீட்டர் ஆன்டெனா, ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்த காட்சி உலகத்துக்குப் போனது அதன் வழியாகத்தான். ஆஸ்திரேலியாவிலேயே இருக்கும் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கிக்குத்தான் பேர் கிடைத்தது, ஆனால் நிலவு அப்போது தாழ்வாக இருந்தது, பார்க்ஸ் அவ்வளவு கீழே சாயாது, அடிவானம் வரை சாயக்கூடிய இந்தச் சின்ன ஆன்டெனா அன்று கான்பெராவுக்குத் தெற்கே இருந்த ஹனிசக்கிள் கிரீக் நிலையத்தில் இருந்தபடி படத்தைப் பிடித்துக் கொடுத்தது. சில நிமிடங்கள் கழித்துதான் ஒளிபரப்பு பார்க்ஸுக்கு மாறியது. 1981இல் ஹனிசக்கிள் கிரீக் நிலையத்தை மூடியதும் ஆன்டெனாவைக் கழற்றி இங்கே கொண்டுவந்து, 2009 வரை வேலை வாங்கினார்கள். அதன் முன்னால் நின்று படம் எடுத்தவர்கள் அன்று என்னைச் சேர்த்து மூன்றே பேர்.

உள்ளே நிலவுக்கல் இருக்கிறது, பார்த்துவிடுங்கள். போனை அணைத்துவிடச் சொல்வார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும் முனகலுக்குக் காது கொடுக்கும் இடம், நியாயம்தான்.

மறுநாள் ஹனிசக்கிள் கிரீக்குக்கும் போனேன். மலைக்காட்டுக்குள் கான்கிரீட் தளமும் தகவல் பலகைகளும் மட்டும்தான் மிச்சம். ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு அப்புறம் அங்கே போங்கள், வரிசையை மாற்றினால் வெறும் சிமென்ட் தரையாகத்தான் தெரியும்.