சங்க விருதா, யுனெஸ்கோ விருதா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தொழில் செய்யும் ஆர்க்கிடெக்ட் எதற்கு விண்ணப்பிக்கலாம்? 1917-இல் தொடங்கிய இந்தியக் கட்டடக் கலைஞர்கள் சங்கத்தின் விருதுக்குப் புதுக் கட்டடங்களையும் அனுப்பலாம். சக தொழில்காரர்கள் மத்தியில் பெயர் கிடைக்கும். சரி, அதுவும் வேண்டியதுதான்.

யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது வேறு ரகம். கட்டடத்துக்கு 50 வயதாவது ஆகியிருக்க வேண்டும். சீரமைப்பு கடந்த 10 ஆண்டுகளுக்குள் முடிந்து, கட்டடம் ஓராண்டாவது புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். 2017-இல் ஸ்ரீரங்கம் கோயில் வாங்கியது. அப்புறம் கும்பகோணத்தை அடுத்த துக்காச்சி ஆபத்சகாயேஸ்வரர் கோயில். சுண்ணாம்புச் சாந்து தெரிந்த கொத்தனாரும் ஸ்தபதியும் இன்னும் கிடைக்கிற இந்த மண்ணில் என் ஓட்டு இதற்கே. ஆனால், வேலை தொடங்கும் முன்பே படமெடுத்து, அளந்து வரைந்து வைக்காவிட்டால் விண்ணப்பம் எடுபடாது.