கோரையிடம் தோற்ற சுடர்க்கருவி

மாதவரத்தில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கீரைப்பாத்திகளுக்காக, 5 கிலோ எரிவாயு உருளையோடு இணையும் களையெடுக்கும் சுடர்க்கருவி ஒன்றைப் பாரிமுனைக் கடையில் வாங்கி, ஒரு மழைக்காலம் முழுவதும் பயன்படுத்தினேன். களையைச் சாம்பலாக்க வேண்டியதில்லை. ஓரிரு நொடி சுடர் பட்டாலே இலையின் செல்கள் வெடித்து நீர் கசிந்துவிடுகிறது. அந்த இலையை விரலால் அழுத்தினால் கரும்பச்சையாக ரேகை பதியும், அடுத்த ஓரிரு நாளில் செடி வாடிவிடும். இரண்டு இலைப் பருவத்துப் பார்த்தீனியமும் குப்பைமேனியும் இப்படித்தான் ஒழிந்தன. “கோரையும் போய்விடும் சார்” என்று கடைக்காரர் சொன்னது மட்டும் பொய்த்தது. மண்ணுக்குள் கிழங்கு பத்திரமாக இருந்ததால் பத்தே நாளில் ஊசி ஊசியாக மறுபடி எழுந்து நின்றது. அருகம்புல்லும் அப்படியே.

கருவிக்குப் பதிலாக வைக்கோலைப் பரப்பிக் கொளுத்தினால் மேற்பரப்பில் கிடக்கும் களை விதைகள் பல கருகும் என்றாலும், சூடு மண்ணுக்குள் ஆழமாக இறங்குவதில்லை, வைக்கோலிலுள்ள தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும்பகுதியும் புகையோடு போய்விடும். மேலும், மணலித் தொழிற்சாலைகளின் காற்றைச் சுவாசிக்கும் எங்கள் தெருவில் அந்தப் புகையையும் யார் பொறுப்பார்கள்?

கருவியின் பெரிய குறை, ஒன்றரை மீட்டரே நீளமுள்ள ரப்பர் குழாய்; உருளையைக் காலோடு காலாக நகர்த்திக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. காய்ந்த தென்னை ஓலைக்கு அருகில் இதைப் பற்றவைக்கவே கூடாது.