வியாசர்பாடி பக்கம் ஒரு ஃபுட்பால் கோச்சிங் கேம்ப்: புதுப் பையனை எப்ப இறக்கணும்னு தெரிஞ்ச எடம்

எங்க அக்கா பையனுக்கு பன்னெண்டு வயசு, கோல்கீப்பர். வியாசர்பாடி பக்கம் சாயங்காலம் நடக்குற ஒரு கேம்ப்ல இந்த சீசன் பூரா ஆடிட்டிருக்கான். நம்ம ஏரியாவ குட்டி பிரேசில்னு பேப்பர்லயே எழுதுறாங்க, சந்துக்கு ஒரு டீம் இருக்கு, பந்து உதைக்க சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமே இல்ல. ஆனா சின்னப் பையனை எப்ப மேட்ச்ல எறக்கணும், எப்ப வெளிய உக்கார வைக்கணும்னு யோசிச்சு செய்யற எடம் ரொம்ப கம்மிங்க. அதுக்காகத்தான் இந்த ரிவ்யூவே எழுதுறேன்.

மொதல்ல வேற ஒரு எடத்துல சேர்த்திருந்தோம், பேரு வேணாம். அங்க ரெகுலர் கீப்பர் ஊருக்குப் போயிட்டான்னு, சேர்ந்து கொஞ்ச நாள்கூட ஆகாத இவனை நேரா டோர்னமெண்ட்ல நிக்க வச்சிட்டாங்க. முன்னாடி டிஃபன்ஸ் ஆடுன பசங்களும் புதுசு. பந்து வந்துக்கினே இருக்கு, ஒவ்வொரு கோலுக்கும் வெளிய இருந்து இவனுக்குத்தான் திட்டு. அதுக்கப்புறம் கிரவுண்டு பக்கமே வர மாட்டேன்னுட்டான், தெருவுல ஆடும்போதுகூட பந்து வேகமா வந்தா கண்ண மூடிக்குவான்.

நான் அமெரிக்கா கம்பெனிக்கு நைட் ஷிஃப்ட் பாக்குறவன். திங்கக்கிழமை நைட்டு கால் எடுத்தா அந்தப் பக்கம் முந்தின நாள் என்எஃப்எல் மேட்ச் பேச்சுதான் (நம்ம ஃபுட்பால் இல்ல, பந்த கைல புடிச்சு ஆடுற அமெரிக்கா ஃபுட்பால் லீக்), கேட்டு கேட்டு நானும் பாக்க ஆரம்பிச்சு இப்ப பைத்தியமே புடிச்சிருச்சு. அவங்க ஆட்டத்துல குவாட்டர்பேக்னு ஒருத்தன், அட்டாக் பண்ணும்போது பந்து கிட்டத்தட்ட எல்லா தடவையும் அவன் கைக்குத்தான் மொதல்ல வரும், அவன் தூக்கிப் போடறதுக்குள்ள எதிர் டீம் தடியனுங்க மேல வந்து வுழுவாங்க. காலேஜ்ல இருந்து புதுசா வந்த குவாட்டர்பேக்க உடனே ஆட வைக்கணுமா, உக்கார வச்சு பழக்கணுமான்னு வருஷா வருஷம் அங்க பெரிய சண்டை. 2002ல ஹூஸ்டன் டெக்ஸன்ஸ்னு புது டீம், காலேஜ் பசங்கள்ல மொத ஆளா எடுத்த குவாட்டர்பேக் டேவிட் கார்ர மொத மேட்ச்லயே எறக்கிட்டாங்க, முன்னாடி நின்னு அவனக் காப்பாத்த வேண்டிய ஆளுங்க சரியில்ல, அந்த ஒரே சீசன்ல 76 தடவை அவனப் போட்டு அமுக்கினாங்க, இன்னிக்கும் அதான் ரெக்கார்டு. அதே ஆரன் ராட்ஜர்ஸ வேற ஒரு டீம்ல 2005ல எடுத்து, சீனியர் குவாட்டர்பேக் பிரெட் ஃபார்வ் பின்னாடி மூணு சீசன் உக்கார வச்சு, 2008லதான் மெயின் ஆளா ஆட விட்டாங்க. மஹோம்ஸ்னு இன்னொரு குவாட்டர்பேக்கும் 2017ல சீனியர் அலெக்ஸ் ஸ்மித் ஆடறத வெளிய இருந்து பாத்தவன்தான், ஆடுனது ஒரே ஒரு மேட்ச், அடுத்த வருஷம் 50 டச்டவுன் (நம்ம கோல் மாதிரி) பாஸ் போட்டு எம்விபி, அதாவது அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரன் ஆயிட்டான்.

அதுக்காக உக்கார வச்சா எல்லாரும் தேறிடுவாங்கன்னு நான் சொல்லல. ஜெய்டன் டேனியல்ஸ்னு புது குவாட்டர்பேக் 2024ல மொத மேட்ச்ல இருந்தே ஆடி வாஷிங்டன் டீம சூப்பர் பவுல்ங்கற ஃபைனலுக்கு ஒரு மேட்ச் முன்னாடி வரைக்கும் கூட்டிட்டுப் போனான். என்னைக் கேட்டா எத்தன மாசம் வெளிய உக்காந்தான்ங்கறதவிட, எறக்கும்போது அவன் முன்னாடி யாரு நிக்கிறா, தப்பு நடந்தா யாரு பொறுப்பு ஏத்துக்கறாங்கறதுதான் முக்கியம்.

இந்த கேம்ப் கோச் அதத்தான் செய்யறாரு. ஆரம்பத்துல இவனுக்கு மேட்ச்சே கிடையாது. சீனியர் கீப்பரோட கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நிக்க வச்சு, "இப்ப எந்த பேக் எடத்த வுட்டுட்டான், சொல்லு"ன்னு கேட்டுக்கினே இருப்பாரு (பேக்னா டிஃபன்ஸ் ஆடுற பையன்). ப்ராக்டீஸ்ல கிட்ட இருந்து டென்னிஸ் பால் போட்டு புடிக்க வைப்பாரு, பந்து சின்னதா இருக்கறதால கடைசி வரைக்கும் பாத்தாதான் கைல நிக்கும், கண்ண மூடுற பழக்கம் அதுலதான் போச்சு. அப்புறம் ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச்ல கடைசி கால் மணி நேரம் எறக்கினாரு, அதுவும் ரெண்டு பெரிய பசங்கள பேக்ல நிறுத்தி வச்சுட்டுதான். எறக்கும்போது இவன் தோள்ல கை வச்சு "பந்து புடிக்கறது அப்பால பாத்துக்கலாம் நைனா, மொதல்ல வாயத் தொற, யாரு எங்க நிக்கணும்னு நீதான் கத்தணும்"னாரு. வீட்டுல தண்ணி கேக்கவே முணுமுணுக்கற பையன், "அண்ணா லெஃப்ட்டு, லெஃப்ட்ட புடிண்ணா"ன்னு தொண்டை கிழிய கத்துறான்! ஒரு கோல் வுழுந்துச்சு. கோச் கூப்பிட்டது ஆள வுட்ட அந்த பேக் பையனத்தான், இவன ஒண்ணும் சொல்லல. எனக்கு அங்கயே மனசு நிறைஞ்சிருச்சு.

எல்லாரையும் ஒரே மாதிரி காக்க வைக்கறதும் இல்ல. புதுசா வந்த ஒரு ஃபார்வர்டு பையன சீக்கிரமே ஆட வுட்டாரு, ஏன்னா அவன் பக்கத்துல ரெண்டு பக்கமும் நல்லா ஆடற பசங்க இருந்தாங்க. சில பேரண்ட்ஸ் "காசு கட்றோம், எம்பையன் ஏன் வெளிய உக்காந்திருக்கான்"னு சண்டைக்கே வர்றாங்க. அவரு கோவப்படாம தனியா கூப்பிட்டு, பையனுக்கு இன்னும் எது வரல, வந்தா எப்ப எறக்குவேன்னு பேசறாரு. இப்படி பேசற கோச்ச நான் வேற எங்கயும் பாக்கல.

கொறையும் இருக்கு, சொல்லணும். லைட் பத்தாது, ஆறரைக்கு மேல பந்து சரியா தெரியாது. மழை பெஞ்சா கோல் முன்னாடி குட்டை மாதிரி தண்ணி நிக்கும், ரெண்டு நாளைக்கு கீப்பருங்களுக்கு ப்ராக்டீஸ் போச்சு. டைம் மாத்துனா வாட்ஸப்ல கடைசி நேரத்துலதான் மெசேஜ் வருது, வேலைக்குப் போறவங்களுக்கு கஷ்டம். கீப்பருங்களுக்குன்னு தனி ட்ரெயினிங் ஞாயித்துக்கிழமை மட்டும்தான், வாரத்துல இன்னொரு நாளும் வச்சா நல்லாருக்கும்னு கேட்டிருக்கோம், பாக்கலாம்னு சொல்லியிருக்காரு. ஃபீஸ் மாசம் 500, கட்ட முடியாத வீட்டுப் பசங்ககிட்ட வாங்கறதில்ல. கிளவுஸ் நாமதான் வாங்கணும், மண்ணு தரைங்கறதால முழங்கால் பேடும் சேத்து வாங்கிடுங்க.