கமலா ஹாரிஸின் தன்வரலாறு: கதவு தட்டிய நாட்களில் படித்தது

2024 ஜூலை 21 அன்று அமெரிக்க அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து பைடன் விலகினார். அடுத்த சனிக்கிழமையே கமலா ஹாரிஸின் பிரச்சாரத்துக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். வீடு நியூஜெர்சியில். ஆனால் அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் 19-உம் கடும் போட்டியும் இருந்தது பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில்தான். அதனால் வாராவாரம் ஆற்றைத் தாண்டி பக்ஸ் கவுண்டிக்குப் போனேன். போக வர காரில் கேட்பதற்காகவே அவருடைய தன்வரலாறான 'தி ட்ரூத்ஸ் வி ஹோல்ட்' ஒலிப்புத்தகத்தை வாங்கினேன். அப்புறம் அச்சுப் பிரதியும் வாங்கினேன். அதோடு பழகி இப்போது ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

புத்தகம் 2019 ஜனவரியில் வந்தது. முதல் சில பக்கங்களிலேயே தன் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும், அதற்குத் தாமரை என்று பொருள் என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு விஷயம் முதல் நாளே எனக்குக் கைகொடுத்தது. வாசலில் 'கமாலா' என்று சொன்ன ஒரு பெரியவருக்குப் பெயரின் பொருளைச் சொன்னேன். தங்கள் வீட்டுப் பக்கத்துக் குளத்தில் தாமரை பூப்பதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்துவிட்டார். வாக்களிப்பாரா என்று கடைசிவரை சொல்லவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2003 தேர்தல் பகுதி. சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞர் பதவிக்கு முதன்முதலாகப் போட்டியிட்டபோது, காரில் ஓர் இஸ்திரி மேசையை எடுத்துக்கொண்டு போய் சூப்பர்மார்க்கெட் வாசலில் விரிப்பாராம். சுவரொட்டியை டேப்பால் ஒட்டிவிட்டு, காய்கறி வாங்க வருகிறவர்களிடம் நின்றபடியே பேசுவாராம். கதவு தட்டப் போகிறவர்களுக்கான மினிவேன் (MiniVAN) என்ற கைபேசிச் செயலியில் தெருத்தெருவாக முகவரிகளைப் பார்த்துக்கொண்டு, ஆளில்லாத வீட்டின் கதவுப்பிடியில் துண்டறிக்கையைச் செருகிவிட்டு (தபால் பெட்டியில் போடுவது சட்டப்படி கூடாது) நடந்துகொண்டிருந்த எனக்கு, அந்த மேசை பெரிய தெம்பு. பாதிக் கதவுகள் திறக்காது. திறப்பவர்களில் சிலர் முகத்துக்கு நேரே மூடுவார்கள். திரும்பிக் காருக்கு வந்ததும் அந்தப் பகுதியைத்தான் போட்டுக் கேட்பேன்.

அடுத்தது அம்மா. சியாமளா கோபாலன் 19 வயதில் பெர்க்லிக்குப் படிக்க வந்தவர்; மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளரானவர். சென்னைப் பாட்டி ராஜம் உயர்நிலைப் பள்ளிக்குப் போகாதவர். ஆனால் கணவனிடம் அடிவாங்கும் பெண்களை வீட்டில் வைத்துக்கொண்டு, அந்தக் கணவன்மாரைக் கூப்பிட்டு எச்சரிப்பாராம். நம் தெருக்களில் எல்லோருக்கும் இப்படி ஒரு பாட்டியைத் தெரியும். 2009இல் சியாமளா இறக்கும் தறுவாயில், என் மகள்கள் நன்றாக இருப்பார்களா என்று செவிலியரிடம் கேட்கிற இடம் வரும். அதைக் கேட்டபோது ஓட்ட முடியாமல் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் காரை நிறுத்தினேன். என் அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள்.

கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரலாக (மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞராக) கமலா வங்கிகளோடு மோதிய கதையும் விறுவிறுப்பானது. வீட்டுக்கடன் நெருக்கடிக்கு இழப்பீடாகக் கலிஃபோர்னியாவுக்கு முதலில் பேசப்பட்ட தொகை 200 முதல் 400 கோடி டாலர். அவர் பேச்சுவார்த்தையிலிருந்து வெளியேறுகிறார். ஒரு பெரிய வங்கியின் தலைவரிடம் பேசுவதற்காகக் காதணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கிறார். 2012இல் கிடைத்தது சுமார் 2,000 கோடி டாலர் நிவாரணம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மருத்துவம், வாழ்க்கைச் செலவு, நாட்டுப் பாதுகாப்பு என்று போகும் பின்பாதி தேர்தல் அறிக்கை மாதிரிதான் இருக்கிறது. அங்கே மனிதர்கள் குறைந்துவிடுகிறார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த பொருளாதாரப் பேராசிரியரான அப்பாவுக்குக் கொஞ்ச இடம்தான். எனக்கு இன்னும் தெரிந்துகொள்ள ஆசை. அதைவிட முக்கியம், துணை அதிபராக அவர் இருந்த காலம் இதில் கிடையாது. வாசலில் கேட்கப்பட்ட கேள்விகளோ எல்லாம் அந்தக் காலத்தைப் பற்றியவை. ஒரு தமிழ் அம்மா கதவைத் திறந்து, "மெட்ராஸ் பொண்ணோட பொண்ணுதானே, தெரியும் தம்பி. ஆனா கடைக்குப் போனா விலைய பாத்தீங்களா?" என்றார். புத்தகத்தில் பதில் தேடிப் பார்த்தேன். இல்லை. அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

107 நாளில் தேர்தல் முடிந்தது. பென்சில்வேனியா கைவிட்டுப் போனது, பக்ஸ் கவுண்டியும் மிகச் சிறிய வித்தியாசத்தில் போனது. நாலைந்து மாதம் புத்தகத்தைத் தொடவே இல்லை. மறுபடி எடுத்தபோது, பிரச்சார நாட்களில் நான் தாண்டிப்போன ஒரு பகுதி கண்ணில் பட்டது. வழக்கறிஞர் தேர்வில் முதல்முறை அவர் தோற்றதை எழுதியிருக்கிறார். அப்போது எனக்குத் தேவைப்பட்டது வெற்றிக் கதைகள் மட்டும். வேட்பாளருக்குச் சாதகமானதை மட்டும்தான் பொறுக்கி வைத்திருக்கிறேன். வேலை செய்கிற காலத்தில் படித்தால் நேர்மையாகப் படிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

வாங்குவதானால் ஒலிப்புத்தகமாக வாங்குங்கள். அவரே படித்திருக்கிறார். அம்மாவின் தங்கையைச் 'சித்தி' என்று கூப்பிட்டதைச் சொல்லும் இடம் ஒன்று வரும். அதை அவர் குரலில்தான் கேட்க வேண்டும்.