கண்டன்சரா, டைனமிக்கா: ஊட்டி வீட்டில் குரல் பதிவு

மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இரைச்சல் கடைசிவரை பாட்டோடுதான் இருக்கும். அதனால் மைக் தேர்வில் அவசரம் வேண்டாம்.

கண்டன்சர் மைக்குக்கு 48 வோல்ட் பேண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம், வேண்டும். பாடுபவர் மூச்சிழுப்பதுகூடத் தெளிவாக விழும், அவ்வளவு அழகு. ஆனால் ஜூலை மழை தகரக் கூரையில் கொட்டும்போது அதுவும் சேர்ந்தே விழும். அப்புறம் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் போட்டால் வரிகளுக்கு நடுவே மழைதான் மேலே வரும். மூடுபனி ஈரம் உள்ளே இறங்கினால் படபடவென்று வெடிப்புச் சத்தமும் வரலாம். பாடி முடித்ததும் சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் மூடி வையுங்கள்.

ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கில் அந்த நுணுக்கம் குறைவு, கெயினையும் (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவு) கூட்ட வேண்டியிருக்கும். ஆனால் நாலு விரல் தூரத்தில் நின்று பாடினால் குரல்தான் முன்னே நிற்கும். மைக்கின் பின்புறம் ஜன்னலைப் பார்க்கட்டும், பாடுபவர் முதுகுக்குப் பின்னால் கனமான கம்பளியைத் தொங்கவிடுங்கள். ரொம்ப நெருங்கினால் அடிக்குரல் பருத்துவிடும், அதை மட்டும் கவனியுங்கள்.

மழைக்காலத்தில் நான் யோசிக்காமல் டைனமிக்தான் எடுப்பேன். பிப்ரவரி மாதிரி வறண்ட, காற்றில்லாத இரவு என்றால் கண்டன்சர். எதுவானாலும் ரெக்கார்டிங் அமைப்பில் 24 பிட் வைத்து, மீட்டரில் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள்.